சும்மாதான் சொன்னான் மிஸ்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் உங்கள் தங்கையின் மகள் இந்த ஆகஸ்ட்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், பள்ளியில் 'லாக்டவுன் டிரில்', அதாவது துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் பயிற்சி, நடக்கும் என்று மெயில் வந்ததும் தங்கை நம் ஊர் நேரம் நள்ளிரவில் போன் பண்ணி அழுதிருக்கிறார். இங்கே மடிப்பாக்கத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனின் பள்ளியில், ஒரு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்துபோனதிலிருந்து, வாசலில் மெட்டல் டிடெக்டர், துப்பாக்கி வைத்த காவலர், அதற்காகப் பிள்ளைக்கு வருடம் 4000 ரூபாய் என்று பேச்சு அடிபடுகிறது, வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச்சூடு இங்கேயும் நடக்குமா, இந்தப் பணம் தண்டமா, தங்கைக்கு என்ன சொல்வது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: 'என் பையன்கூடச் சொன்னான், அவன் கிளாஸ்ல ஒருத்தன் எல்லாரையும் முடிச்சிடுவேன்னு சொல்லிட்டுத் திரியறானாம், சும்மாதான்.' எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு வருவேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர முடியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னைப் பள்ளிகளில் 23 வருடம். முதல் ஆறு வருடம் வடசென்னையில் அறிவியல் டீச்சர், அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே உளவியல் படித்து, பள்ளி ஆலோசகர் ஆனேன். மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள், பேத்தி பிறந்த பிறகு இரண்டு முறை போய் மாதக்கணக்கில் தங்கியபோது அங்கிருக்கும் பள்ளி ஆலோசகர் ஒருவரிடம் இதைப் பற்றியே நிறையப் பேசினேன். நான் போலீஸ் இல்லை, பூட்டு, கேமரா விஷயத்தில் என் பேச்சைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

இங்கேயும் நடக்குமா? அங்கே நடக்கிற அளவில் இங்கே நடப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, அதைத் தைரியமாகச் சொல்வேன். ஆனால் அதற்குக் காரணம் நம் பிள்ளைகள் தங்கம் என்பதோ நம் வளர்ப்போ இல்லை, துப்பாக்கி கைக்கு எட்டாது, அவ்வளவுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு, 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். 2020இல் இருந்து அங்கே 1 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான், அதற்கு முன் வெகுகாலம் அந்த இடத்தில் இருந்தது சாலை விபத்து. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச்சில் ஒருவன் ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பதை ஏறக்குறைய முழுவதும் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு பள்ளிப் படுகொலை அங்கே நடக்கவில்லை. சட்டத்தை மாற்றுவது உங்கள் தங்கை கையில் இல்லைதான், ஆனாலும் எது வேர், எது இலை என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள், துப்பாக்கியால் அங்கே சாகும் பிள்ளைகளில் பள்ளிக்குள் சாகிறவர்கள் மிகச் சிறிய பங்கு, பெரும்பாலும் வீட்டில், தெருவில், தற்கொலையில். பாப்பா ஒரு நாளில் இருக்கும் இடங்களில் பள்ளி பாதுகாப்பான இடங்களில் ஒன்று. இப்படிச் சொன்னதும் பயம் போய்விடாது, எனக்கும் போகவில்லை.

அதற்காக 'நம்ம ஊர்ல எல்லாம் நடக்காது' என்று கையைக் கழுவிவிடவும் முடியாது. 2007 டிசம்பரில் குர்கானில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையனை உடன் படித்த இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். 2018 ஜனவரியில் ஹரியானாவின் யமுனாநகரில் ஒரு பிளஸ் டூ மாணவன் பள்ளி முதல்வரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு தடவையும் துப்பாக்கி வந்த இடம் ஒன்றுதான், அப்பாவுடையது, வீட்டில் இருந்தது. சென்னையில் துப்பாக்கி இல்லை, கத்தி இருக்கிறது. 2012 பிப்ரவரியில் பாரிமுனையில் ஒரு பள்ளியில் 9ஆம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். டைரியில் பெற்றோருக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார் என்ற கோபம். அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் யாரும் டீ குடிக்கவில்லை. ஒரு மேத்ஸ் டீச்சர் தான் எழுதி வைத்திருந்த ஏழெட்டு டைரிக் குறிப்புகளை ஒயிட்னர் வைத்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியது, 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பறைக்குள் அரிவாளோடு வந்தது. ஆகவே நம் ஊர்க் கேள்வி 'துப்பாக்கி வருமா' என்பது இல்லை, பையன் மனதில் வன்மம் ஊறிக்கொண்டிருக்கும்போது அது யார் காதிலாவது விழுகிறதா, விழுந்தால் என்ன ஆகிறது என்பதுதான்.

விழுகிறது. இதுதான் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவற்றிலேயே உறுதியானது. 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைக் கொன்ற பிறகு, அமெரிக்க ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸும் அங்குள்ள கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை, அதில் ஈடுபட்ட 41 பேரை, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். 2002இல் அறிக்கை வந்தது. திடீரென்று புத்தி பிசகிச் செய்தது என்று பார்த்தால் அநேகமாக எதுவுமே இல்லை. எல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் யோசித்தது. பத்தில் எட்டுச் சம்பவங்களில் யாரோ ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது, பத்தில் ஆறு சம்பவங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்த சம்பவங்களில் 93 சதவீதத்தில் தெரிந்தவர்கள் நண்பர்கள், கூடப் படிப்பவர்கள், கூடப் பிறந்தவர்கள். பெரியவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. அதே ஆட்கள் பின்னால் எதிர்ப்பக்கத்தையும் பார்த்தார்கள். நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களை ஆராய்ந்து 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், பெரும்பாலானவை வெளியே வந்தது ஒரு பிள்ளை வாயைத் திறந்ததால்தான். மெட்டல் டிடெக்டர் கத்தியைப் பிடிப்பது அந்தப் பையன் கத்தியோடு வாசலுக்கு வந்த பிறகு. கூட உட்காருகிறவனுக்கு அது பத்து நாள் முன்னாலேயே தெரியும்.

அப்படியானால் ஏன் சொல்வதில்லை? நம் ஊரில் இதற்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது, போட்டுக்கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பிட் அடித்தவனை மன்னிப்பார்கள், போட்டுக்கொடுத்தவனை பிளஸ் டூ ஃபேர்வெல் வரைக்கும் மன்னிக்க மாட்டார்கள். நான் ஆலோசகராகி மூன்றாவது வருடம், இடைவேளை முடிந்து பெல் அடித்த பிறகு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்தான். தண்ணி குடிக்க வந்தேன் மிஸ் என்றான். என் அறையில் தண்ணீரே கிடையாது. வாட்டர் பாட்டில் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் பக்கத்து பெஞ்ச் பையன் பையில் ஒரு கத்தி இருக்கிறது என்றான், உடனே 'சும்மாதான் வச்சிருக்கான் மிஸ், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க' என்றான். நான் பி.டி. சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் நல்ல விவரமானவர், வகுப்பில் போய்த் தேடவில்லை, வாலிபால் செலக்‌ஷன், பையை எடுத்துக்கொண்டு வா என்று அவனை மட்டும் கூப்பிட்டார். டிபன் பாக்ஸுக்கு அடியில், கைத்துண்டில் சுற்றிய காய்கறி நறுக்கும் கத்தி. விசாரித்தால், பஸ் ஸ்டாப்பில் நாலு பெரிய பையன்கள் ஒரு மாதமாகப் பணம் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், பயத்தில் எடுத்து வந்திருக்கிறான்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அப்புறம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஹெச்.எம். கேட்டபோது சொன்ன பையனின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் நல்லெண்ணத்தில் மறுநாள் பிரேயரில் அவனை மேடைக்கு அழைத்து, 'இவன்தான் நம்ம பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினவன்' என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பிள்ளைகளும் தட்டினார்கள். அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் அவன் சட்டையைக் கிழித்து அடித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அவன் அந்தப் பள்ளியில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு பிள்ளைகூட என் அறைக்குத் தானாக வந்து எதையும் சொல்லவில்லை, நானும் எத்தனை சார்ட் ஒட்டியும் பலனில்லை. நாங்குநேரியிலும் அந்த மாணவன் தனக்கு நடக்கும் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் வீடு புகுந்து வெட்டினார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது. அந்தச் சம்பவத்தில் சாதி இருந்தது, அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் கலர் கயிறு வரைக்கும் பேசியிருக்கிறார்கள். ஆனால் பள்ளி நடத்துகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதில் ஒன்று, சொன்னவன் யார் என்பது வெளியே போகக்கூடாது. நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அதை ஹெச்.எம். அறை வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டினால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டச் சொல்லி ஒரு பள்ளியில் சண்டை போட்டு மாற்ற வைத்தேன்.

இன்னொரு பழக்கம் டிசி. பையன் மிரட்டினானா, கத்தி கொண்டுவந்தானா, உடனே டிசி கிழித்துக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தைச் சுத்தப்படுத்திவிட்டதாக நினைக்கிறோம். கத்தி கொண்டுவந்த அந்தப் பையனுக்கும் அதுதான் ஆனது. பணம் பிடுங்கிய நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் எங்கள் பள்ளி இல்லையே. ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேரைச் சுட்டுக் கொன்றவன் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு வருடம் முன்பு வெளியே அனுப்பப்பட்டவன். வெளியே அனுப்பினால் கோபம் போவதில்லை, நம் கண் பார்வைதான் போகிறது. அதற்குப் பதிலாக அங்கே பல பள்ளிகளில், வர்ஜீனியாவில் 2013 முதல் அரசுப் பள்ளிகளில் கட்டாயமாகவே, ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார்கள், தலைமையாசிரியர் தரப்பில் ஒருவர், ஆலோசகர், போலீஸ் தரப்பில் ஒருவர் என்று. மிரட்டல் என்று எது வந்தாலும் இவர்கள் உட்கார்ந்து கேட்பது நாலைந்து கேள்விதான். கோபத்தில் வாயில் வந்ததா, மனதில் போட்டுவைத்ததா? யாரை, எங்கே, எப்போது என்று ஏதாவது சொன்னானா? ஆயுதம் கைக்கு எட்டுமா? யாரையாவது கூட்டுச் சேர்த்தானா, எழுதி வைத்தானா, இடத்தைப் போய்ப் பார்த்தானா? இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கேள்வி, இவனை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது எது? பெரும்பாலானவை கோபத்தில் வந்த பேச்சாகவே முடியும், மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பிவிடலாம். மிச்சம் இருக்கும் சிலரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை.

காதில் விழுந்தும் கோட்டை விடுவது உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர்ப் பள்ளியில் 2021 நவம்பர் 30 காலையில் ஒரு பதினைந்து வயதுப் பையன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்திருந்ததை டீச்சர் பார்த்துவிட்டார். பெற்றோரை வரவழைத்தார்கள், பேசினார்கள், பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும் என்று பையனை அங்கேயே விட்டுப் போனார்கள், அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. மதியத்துக்குள் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி சில நாள் முன்பு அப்பா வாங்கியது. 2024இல் அந்த அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பத்து முதல் பதினைந்து வருடச் சிறைத் தண்டனை விழுந்தது. படம், கூட்டம், ஆலோசகர் என்று எல்லாம் இருந்தது, 'பையில என்ன இருக்கு, காட்டு கண்ணா' என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

இனி சந்தேகத்துக்குரியவை. 'இந்த மாதிரிப் பையன்தான் செய்வான்' என்று ஒரு அச்சு கிடையாது. அந்த 41 பேரில் நன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள், நண்பர்கள் சூழ இருந்தவர்களும் இருந்தார்கள். பத்தில் ஏழு பேர் கேலியாலோ அடியாலோ அவதிப்பட்டவர்கள் என்பது உண்மை, ஆனால் கேலிக்கு ஆளான கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் வளர்கிறார்கள். ஆகவே மூலையில் தனியாக உட்கார்ந்து கறுப்பு மையில் படம் வரைகிற பையனைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவன் பெரும்பாலும் பெரிய ஓவியன் ஆகப் போகிறவன். யார் செய்வான் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, சொல்கிற சாஃப்ட்வேரை விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். அடுத்தது ஆயுதக் காவலர். கொலம்பைனில் ஒருவர் இருந்தார், பார்க்லாண்டில் இருந்தவர் வெளியிலேயே நின்றுவிட்டார். டெக்சஸின் யுவால்டியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் செத்த அன்று, போலீஸ் 376 பேர் வந்து சேர்ந்தும் வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போக 77 நிமிடம் ஆனது. காவலரே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, அவர் இருப்பதால் தடுக்கப்பட்டவை நம் கணக்கில் வராமல் இருக்கலாம். ஆனால் அவரை நம்பி மற்றதை விட்டுவிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. பூட்டு மட்டும் வேறு. உள்ளிருந்து பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவு உயிரைக் காக்கும் என்பதில் இந்தத் துறையில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். யுவால்டியில் வெளிக்கதவைச் சாத்தியிருந்தார்கள், அது பூட்டிக்கொள்ளவில்லை.

டிரில் விஷயம் இரண்டும்கெட்டான். கதவைப் பூட்டு, விளக்கை அணை, ஜன்னலுக்குத் தெரியாத பக்கம் உட்கார், சத்தம் போடாதே என்பதை அமைதியாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்கினால் பிள்ளைகள் அதைத் தீயணைப்புப் பயிற்சி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். வெற்றுத் தோட்டா வெடித்து, ரத்தம் மாதிரி சாயம் பூசி, பயிற்சி என்று சொல்லாமலே நடத்துவது பிள்ளைகளைக் கெடுக்கும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2020இல் அப்படி நடத்தக்கூடாது என்று அறிக்கை விட்டது. ஆகவே தங்கை பள்ளிக்கு எழுத வேண்டியது மூன்று கேள்விதான்: முன்கூட்டிப் பெற்றோருக்குச் சொல்வீர்களா, பிள்ளைகளிடம் இது பயிற்சி என்று சொல்வீர்களா, துப்பாக்கிச் சத்தம் மாதிரி எதுவும் உண்டா. பாப்பாவிடம் 'கெட்டவன் வந்து சுடுவான்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'மிஸ் எப்ப ஷ்ஷ்னு சொன்னாலும் எல்லாரும் சேர்ந்து சத்தம் போடாம உட்காரணும், மிஸ் பக்கத்துலயே இருப்பாங்க' என்பது ஆறு வயதுக்குப் போதும். முதல் டிரில் அன்று மாலை என்ன ஆச்சு என்று தோண்டித் துருவாமல், பிடித்ததைச் சமைத்துப் போட்டுவிட்டு, அவளாகச் சொல்லும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். என் பேத்தி முதல் டிரில் முடிந்து வந்து என்னிடம் சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்கு விக்கல் வந்துவிட்டது, எல்லாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை என்பதுதான். நான்தான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தங்கை செய்யக்கூடியவற்றில் மிக முக்கியமானது பள்ளிக்குள்ளேயே இல்லை. பாப்பா தோழி வீட்டுக்கு விளையாடப் போகும் முன், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும். நம்மவர்களுக்கு இது கூச்சம், அடுத்த வீட்டுக்காரரிடம் சம்பளம் கேட்பது மாதிரி. நாய் இருக்கிறதா, பாப்பாவுக்கு நிலக்கடலை ஆகாது என்று கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம், அங்கே பலர் கேட்கிறார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று மகள் சொல்கிறாள். அந்த 2002 அறிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கி வந்தது சொந்த வீட்டிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோதான், குர்கானையும் யமுனாநகரையும் மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மடிப்பாக்கத்துக்கு வருவோம், சனிக்கிழமைக் கூட்டம். பிள்ளைக்கு 4000 என்றால் ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் வருடத்துக்கு 40 லட்சம். மெட்டல் டிடெக்டர் நம் ஊர்ப் பள்ளியில் என்ன ஆகும் தெரியுமா, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஸ்டீல் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ், பெல்ட் பக்கிள், ஒவ்வொரு பிள்ளைக்கும் கீச் கீச் என்று கத்தும், காலை எட்டே காலுக்குத் தெருமுனை வரை வரிசை நிற்கும், இரண்டாவது வாரம் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படி ஒன்று இப்போது குடை மாட்ட உதவுகிறது. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தாத்தா ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எந்த அம்மா எந்த ஸ்கூட்டியில் வருவார் என்பதும் தெரிந்தவர், அவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தால் அது பாதுகாப்பு. மிச்சத்தில் ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள், வாரத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிறவர் இல்லை.

மிரட்டல் மெயில் பற்றி ஒன்று. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு ஒரே நாளில் வந்தது, எல்லாம் புரளி. அந்த மதியம் நான் இருந்த தெருவில் உண்மையான ஆபத்து குண்டு இல்லை, வாசலில் முட்டி மோதிய பைக்குகளும் கார்களும்தான். யார் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதிக்கொள்ள ஒரு ஆள் இல்லை, ஒரு யூ.கே.ஜி. பாப்பாவை அவள் சித்தப்பா கூட்டிப் போனதும், பின்னாலேயே வந்த அம்மா காணோம் என்று தெருவில் உட்கார்ந்து அலறியதும் கண் முன்னால் நடந்தது. ஆகவே கூட்டத்தில் கேளுங்கள், இன்னொரு மெயில் வந்தால் பிள்ளைகளை எந்த வாசல் வழியாக, எந்த மைதானத்துக்குக் கொண்டுபோய், யாரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பீர்கள்? கூடவே, நம் பிள்ளைகளை உண்மையிலேயே கொன்றவற்றையும் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கூரைத் தீயில் போனார்கள். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் சாலையில் விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வண்டிகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டி மூடி உடைந்து உள்ளே விழுந்தது. வேன், மூடி, மின் ஒயர், மாடிக் கைப்பிடி, இவற்றை யார் எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று கேட்டால் மெட்டல் டிடெக்டர் பேச்சு தானாக அடங்கும். இன்னொன்றும் உண்டு. 2021 மே மாதம் சென்னையில் முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் சில ஆசிரியர்கள் பாலியல் தொல்லைக்காகக் கைதானார்கள். அந்தப் பெண்கள் பள்ளியில் படித்தபோதே தங்களுக்குள் பேசிக்கொண்டவைதான் அவை. பெரியவர்களுக்குப் பத்து வருடம் கழித்துக் கேட்டது. போக்ஸோ சட்டப்படி இப்படி ஒன்று தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம், இது உங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியுமா என்பதும் ஒரு நல்ல கேள்வி.

இப்போது அந்த அடைப்புக்குறி. 'எல்லாரையும் முடிச்சிடுவேன்' என்று ஏழாம் வகுப்பில் சொல்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சும்மாதான் சொல்கிறார்கள், நேற்று பார்த்த கேமில் கற்ற வசனம். ஆனால் சும்மாவா இல்லையா என்று தீர்மானிப்பது பன்னிரண்டு வயதுப் பையனின் வேலை இல்லை, உங்கள் மகன் அதை உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். இன்று ராத்திரி சாப்பிடும்போது, போன் இல்லாமல், சாதாரணமாகக் கேளுங்கள். எந்தப் பையன் என்று ஆரம்பிக்காமல், எப்போது சொன்னான், சிரித்துக்கொண்டு சொன்னானா, யாராவது ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்கிறானா, யாராவது அவனைத் தொல்லை பண்ணுகிறார்களா, எதையாவது காட்டினானா என்று கேளுங்கள். போட்டுக்கொடுப்பது என்றால் ஒருத்தனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது, இது அவன் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்வது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன், ஏழாம் வகுப்புக்கு அது புரிகிறது. ஒரு தடவைக்கு மேல் சொன்னான், ஒரு ஆளையோ நாளையோ சொன்னான், கத்தி கித்தி ஏதாவது காட்டினான் என்றால் சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள், நாளைக் காலையிலேயே வகுப்பாசிரியரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள், உங்கள் மகன் பெயர் வெளியே வராது என்ற வாக்கை முதலில் வாங்கிவிட்டுப் பேசுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டும் உண்டு. அந்தப் பையனுக்கோ அவன் வீட்டுக்கோ பேச ஆள் வேண்டும் என்றால் மனநலத்துக்கான 14416. ஒன்று மட்டும் வேண்டாம், அவன் பெயரை வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.